வீட்டு நாய் ராணுவ வேலைக்குத் தேறுமா? சோதித்துப் பார்க்கும் முறை, படிப்படியாக

"சொன்னால் உட்காரும், கை நீட்டினால் கை கொடுக்கும், வாசலில் யார் வந்தாலும் குரைத்தே விரட்டிவிடும். இதை ராணுவத்துக்குக் கொடுத்தால் கலக்கிவிடும்." நாயைக் கொடுக்க முன்வரும் உரிமையாளர்கள் பெரும்பாலும் இப்படித்தான் ஆரம்பிப்பார்கள். இந்த மூன்றில் ஒன்றுக்கும் தேர்வில் மதிப்பெண் கிடையாது. கீழ்ப்படிதலை எந்த நாய்க்கும் பிறகு சொல்லிக்கொடுக்கலாம். வாசலில் குரைப்பது பாதி நேரம் பயத்தில் வருவது. ஆனால் அதே உரிமையாளர் கொஞ்சம் தயங்கிவிட்டு, "பந்து சோபாவுக்குள் போய்விட்டது என்று சோபாவையே கிழித்துவிட்டதுங்க" என்று சொன்னால், அப்போதுதான் நான் பேனாவை எடுப்பேன்.

வீட்டு நாயைச் சோதிப்பதில் உள்ள சிக்கலே இதுதான். வீடு அதற்குச் சில நல்ல பழக்கங்களைக் கற்றுக்கொடுத்திருக்கும். அதைத் திறமை என்று நினைத்து ஏமாறலாம். சில துடிப்புகளைத் திட்டித் திட்டி அடக்கியும் வைத்திருக்கும். அதைத் திறமைக் குறைவு என்று நினைத்து நல்ல நாயைத் திருப்பி அனுப்பிவிடலாம். வீடு போட்ட பூச்சைச் சுரண்டிவிட்டு உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பதுதான் சோதிப்பவரின் வேலை.

இது லேசான வேலை இல்லை என்பதற்கு வரலாற்றிலேயே கணக்கு இருக்கிறது. இரண்டாம் உலகப்போரில் இறங்கிய கையோடு, 1942 தொடக்கத்தில், அமெரிக்காவில் 'டாக்ஸ் ஃபார் டிஃபென்ஸ்' என்ற தன்னார்வ அமைப்பு பொதுமக்களிடம் நாய்களைக் கேட்டு வாங்க ஆரம்பித்தது. 1945-க்குள் ஏறத்தாழ 19,000 நாய்கள் சேர்ந்தன. அவற்றில் சுமார் 45 சதவீதம் பயிற்சி மையங்களில் கழித்துவிடப்பட்டன. துப்பாக்கிச் சத்தத்துக்கு மிரண்டவை, நோய் இருந்தவை, உருவம் போதாதவை, சுபாவம் ஒத்துவராதவை. ஆரம்பத்தில் முப்பதுக்கும் மேற்பட்ட இனங்களை ஏற்றுக்கொண்டவர்கள், 1944 வாக்கில் விரல்விட்டு எண்ணக்கூடிய சில இனங்களோடு நிறுத்திக்கொண்டார்கள்.

முதல் படி: எந்த வேலைக்கு?

இதை முடிவு செய்யாமல் சோதிக்க ஆரம்பித்தால் குழப்பம்தான் மிஞ்சும். வெடிபொருள் தேடும் மோப்ப நாய்க்கு மூக்கும் பொறுமையும் தேடும் வெறியும் வேண்டும். மனிதரைக் கடிக்க அது தயாராக இருக்க வேண்டியதில்லை, இல்லாமல் இருந்தால் நல்லதுகூட. ரோந்து நாய்க்கு இவற்றோடு எதிர்த்து நிற்கும் துணிவும், கடித்த பிடியை விடாத உறுதியும், சொன்னதும் விடுகிற தெளிவும் வேண்டும். இரண்டையும் செய்யும் நாய்கள் உண்டு. வீடுகளிலிருந்து வருகிறவற்றில் அப்படி ஒன்று கிடைப்பது அபூர்வம். வீட்டு நாய் தேறினால் அது பெரும்பாலும் மோப்ப வேலைக்குத்தான் தேறும் என்ற எதிர்பார்ப்போடு இறங்குங்கள்.

இரண்டாம் படி: தொலைபேசியிலேயே பாதியைக் கழித்துவிடுங்கள்

நாயை வரவழைப்பதற்கு முன்பே சில கேள்விகள். வயது ஒன்றிலிருந்து மூன்றுக்குள் இருப்பது நல்லது. அமெரிக்க ராணுவ நாய்களுக்குப் பயிற்சி தரும் லாக்லாண்ட் மையம் வெளியிலிருந்து நாய் வாங்கும்போது கேட்டுவந்த அளவும் ஏறத்தாழ இதுதான்: 12 முதல் 36 மாதம், தோள் உயரம் 56 செ.மீ., எடை 25 கிலோவுக்குக் குறையாமல். ஸ்பானியல் போன்ற சிறிய மோப்ப நாய்களுக்கு இந்த உயரக் கணக்கு பொருந்தாது.

குட்டியாக இருக்கும்போதே சோதித்துச் சொல்ல முடியுமா என்று கேட்பார்கள். எட்டு வாரக் குட்டிகளைச் சோதித்து, அவை வளர்ந்த பிறகு மறுபடி பார்த்த ஸ்வீடன் ஆய்வு ஒன்று 1998-இல் வெளிவந்தது. குட்டிப் பருவத்து மதிப்பெண்ணை வைத்து வளர்ந்த நாயின் பணித் தகுதியைக் கணிக்க முடியவில்லை என்பதே அதன் முடிவு. அதனால் குட்டியோடு வருகிறவர்களிடம் ஒரு வயது முடியட்டும் என்று சொல்லி அனுப்பிவிடலாம்.

இனத்தைக் கேளுங்கள், ஆனால் அதிலேயே நின்றுவிடாதீர்கள். ஜெர்மன் ஷெப்பர்ட், பெல்ஜியன் மாலினோயிஸ், லாப்ரடார் என்று பட்டியல் போடுவது எளிது. ஆனால் அழகுப் போட்டிக்காகப் பல தலைமுறை வளர்க்கப்பட்ட ஜெர்மன் ஷெப்பர்டுக்கும் வேலைக்காக வளர்க்கப்பட்டதற்கும் பெயர் மட்டும்தான் பொது. 1943 ஜூலையில் சிசிலிக் கரையில் எதிரியின் இயந்திரத் துப்பாக்கி மேடையைத் தாக்கிப் பெயர் வாங்கிய 'சிப்ஸ்', ஷெப்பர்ட், கோலி, ஹஸ்கி மூன்றும் கலந்த கலப்பினம். நியூயார்க் மாநிலத்தில் ஒரு குடும்பம் வளர்த்த வீட்டு நாய். ஆனால் மூக்கு சப்பையான இனங்களுக்கு மட்டும் தொலைபேசியிலேயே மன்னிப்புக் கேட்டுவிடுங்கள். வெயிலில் ஓடினால் அவற்றுக்கு மூச்சே பிரச்சினை.

இன்னும் இரண்டு கேள்விகள். இடி இடித்தால் என்ன செய்யும்? யாரையாவது கடித்திருக்கிறதா, எந்தச் சூழலில்? கட்டிலுக்கடியில் போய் நடுங்கும் என்றால் அங்கேயே முடிந்தது. கடித்த கதையை மட்டும் முழுக்கக் கேளுங்கள். குப்பை எடுக்க வந்தவரைக் கடித்ததால்தான் சிப்ஸே ராணுவத்துக்குப் போனது என்பார்கள்.

மூன்றாம் படி: உடல்

நாயின் மேல் மனம் ஒட்டுவதற்கு முன்பே இதை முடித்துவிடுங்கள். வரிசையை மாற்றி, அற்புதமாகத் தேடும் நாய் ஒன்றைப் பார்த்து வாயைப் பிளந்துவிட்டு, அப்புறம் எக்ஸ்ரேயைப் பார்த்தால் மனம் அதற்குச் சாக்குத் தேடும்.

இடுப்பு மூட்டு, முழங்கை மூட்டு, முதுகெலும்பின் கீழ்ப்பகுதி மூன்றுக்கும் எக்ஸ்ரே அவசியம். இடுப்புக் குழியில் தொடை எலும்பு சரியாகப் பொருந்தாத குறை பெரிய இனங்களில் சாதாரணம். வீட்டில் ஓடியாடும் நாயிடம் அது வெளியே தெரியாமலே இருக்கும். கீழ்முதுகுப் பிரச்சினை ஜெர்மன் ஷெப்பர்டுகளைப் பணியிலிருந்து சீக்கிரம் ஓய்வுபெற வைக்கும் முக்கியக் காரணங்களில் ஒன்று. குதித்து வண்டியில் ஏறத் தயங்கினால், பின்னங்காலைத் தேய்த்து நடந்தால் (நகத்தின் மேல்பக்கம் தேய்ந்திருக்கும், பாருங்கள்) மருத்துவரிடம் சொல்லுங்கள்.

நான்கு கோரைப்பற்களும் முழுதாக இருக்க வேண்டும். கூண்டுக் கம்பியைக் கடித்துத் தேய்ந்த பல் இருந்தால் இரண்டு செய்தி கிடைக்கிறது: ஒன்று பல்லைப் பற்றி, இன்னொன்று அது தனியாக இருக்கும்போது என்ன ஆகிறது என்பதைப் பற்றி. கண், காது, தோல், இதயம், இதயப்புழு, தடுப்பூசிக் கணக்கு ஆகியவற்றைக் கால்நடை மருத்துவர் பார்த்துக்கொள்வார். தீராத தோல் அரிப்பும் ஒத்துக்கொள்ளாத உணவும் வீட்டில் சமாளிக்கக் கூடியவை, களத்தில் முடியாது.

நான்காம் படி: உரிமையாளர் இல்லாமல் ஒரு நடை

கயிற்றை வாங்கிக்கொண்டு நாயை அதற்குத் தெரியாத இடத்துக்கு அழைத்துப் போங்கள். உரிமையாளர் கண்ணில் படக்கூடாது. கட்டளை எதுவும் வேண்டாம், சும்மா நடங்கள். முதல் ஐந்து நிமிடம் திரும்பித் திரும்பிப் பார்ப்பது இயல்பு. அதற்குப் பிறகு மூக்கைத் தரையில் வைத்து உலகத்தை விசாரிக்க ஆரம்பிக்கிறதா, இல்லை கயிற்றை வந்த வழிக்கே இழுத்துக்கொண்டு முனகுகிறதா? வீட்டில் சிங்கமாக இருந்தது இங்கே உங்கள் காலுக்குப் பின்னால் ஒளிந்தால், அந்தச் சிங்கம் அந்த வீட்டுக்குச் சொந்தம்.

ஐந்தாம் படி: பந்து

எல்லாச் சோதனைகளிலும் இதற்குத்தான் அதிக நேரம் கொடுங்கள். வெடிபொருளின் வாசனையில் நாய்க்கு எந்த அக்கறையும் இல்லை. அந்த வாசனையைக் கண்டுபிடித்தால் பந்து கிடைக்கும் என்பதற்காகத்தான் அது நாள் முழுக்க உழைக்கிறது. பந்தின் மேல் வெறி இல்லாத நாய்க்கு நீங்கள் கூலி கொடுக்க வழியில்லை. உணவைக் கூலியாக வைத்துப் பயிற்றுவிக்கும் அமைப்புகளும் இருக்கின்றன. ஆனால் பெரும்பாலான ராணுவப் பயிற்சி பொம்மையை நம்பியே ஓடுகிறது.

பந்து வெறி என்று பொதுவாகச் சொல்கிறோமே, அதற்குள் மூன்று தனித்தனிக் குணங்கள் இருக்கின்றன.

துரத்துவது முதலாவது. பந்தை வீசுங்கள், பாய்கிறதா? இது பல நாய்களுக்கு உண்டு, இதைப் பார்த்து மயங்கவேண்டாம். பத்தாவது வீச்சில் என்ன செய்கிறது என்று பாருங்கள். முதல் மூன்று முறை பறந்துவிட்டு நான்காவதில் புல்லை மோந்துகொண்டு நின்றால், அதற்கு அது பொழுதுபோக்கு.

விடாப்பிடி இரண்டாவது. பந்தை எடுத்த பிறகு என்ன செய்கிறது? துப்பிவிட்டு வந்துவிடுகிறதா, வாயில் இறுக்கிக்கொண்டு சுற்றுகிறதா? சணல் உருளை ஒன்றைக் கவ்வ விட்டு இழுத்துப் பாருங்கள். முழு வாயால் ஆழமாகக் கவ்வி, அமைதியாக, பின்னோக்கி இழுக்கும் நாய் நல்ல நாய். முன்பற்களால் நுனியைக் கவ்வி, விட்டு விட்டுக் கடித்து, கண் மட்டும் உங்கள் முகத்தின் மேல் இருந்தால் உள்ளே பதற்றம் இருக்கிறது. இழுக்கும்போதே விலாவில் லேசாகத் தட்டுங்கள், இன்னொரு கையால் ஒரு காலி பிளாஸ்டிக் புட்டியை அருகில் போடுங்கள். பிடி தளர்கிறதா?

தேடுவது மூன்றாவது. மூன்றிலும் இதுதான் பெரிது. பந்தைக் காட்டி ஆசையைக் கிளப்பிவிட்டு, முழங்கால் உயரப் புல்லுக்குள் அது பார்க்க வீசுங்கள். உடனே விடாதீர்கள். நாயைப் பிடித்து இரண்டு மூன்று சுற்றுச் சுற்றிவிட்டு, அரை நிமிடம் கழித்து விடுங்கள். கண்ணால் குறித்த இடம் இப்போது தொலைந்திருக்கும், இனி மூக்குதான். வாய் மூடி, மூச்சு வேகமாகி, தலை சட்டென்று ஒரு பக்கம் திரும்பினால் வாசனை கிடைத்துவிட்டது என்று பொருள். பந்து கிடைக்காமல் எவ்வளவு நேரம் தேடும் என்பதைக் கடிகாரம் வைத்துக் குறியுங்கள். அடுத்து, அதற்குத் தெரியாமல் பந்தை எடுத்துச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு தேட விடுங்கள். ஒரு நிமிடத்தில் வந்து உங்கள் முகத்தைப் பார்க்கும் நாய் உதவி கேட்கிறது. ஐந்து நிமிடம் கழித்தும் புல்லை விட்டு வர மறுக்கும் நாயைத்தான் நாம் தேடிக்கொண்டிருந்தோம். அதற்கு முடிவில் பந்தைக் கட்டாயம் கொடுத்துவிடுங்கள். இல்லாத ஒன்றைத் தேடவைத்து ஏமாற்றுவது பாவம்.

இதை வெயில் ஏறுவதற்கு முன் செய்யுங்கள். நாக்கைத் தொங்கவிட்டு இரைக்கும் நாயால் சரியாக மோப்பம் பிடிக்க முடியாது. நீங்கள் அதன் மூக்கைக் குறை சொல்லிக்கொண்டிருப்பீர்கள், குற்றவாளி வெயிலாக இருக்கும்.

இங்கேதான் வீட்டு வளர்ப்பு குறுக்கே வரும். பந்து மேசைமேல் இருந்தால் மேசையில் ஏறலாமா, அட்டைப்பெட்டிக்குள் இருந்தால் கிழிக்கலாமா என்று அதற்குத் தெரியாது. ஏறியதற்கும் கிழித்ததற்கும் வருடக்கணக்கில் திட்டு வாங்கியிருக்கும். பெட்டிக்கு முன்னால் நின்று உடம்பெல்லாம் நடுங்க, வால் விறைத்து, ஆனால் தொடாமல் உங்களைப் பார்க்கும். இதை ஆர்வமின்மை என்று எழுதிவிடாதீர்கள். நீங்களே பெட்டியின் ஒரு மூலையைக் கிழித்துக் காட்டுங்கள், உற்சாகப்படுத்துங்கள், அடுத்த நாளும் செய்யுங்கள். அனுமதி உண்டு என்று புரிந்ததும் சில நாய்கள் வேறு பிராணியாகவே மாறிவிடும். உண்மையிலேயே ஆர்வமில்லாத நாய் மூன்றாவது நாளும் அப்படியே நிற்கும், அதன் உடம்பும் தளர்வாகவே இருக்கும். வித்தியாசம் நடுக்கத்தில் இருக்கிறது.

ஆறாம் படி: தரை, படி, இருட்டு

வழவழப்பான தரை, கீழே தெரியும்படி கம்பி வலையால் ஆன படிக்கட்டு, மின்தூக்கி, இருட்டறை, ஆட்டம் காணும் பலகை, காலடியில் சத்தம் போடும் தகரம். ஒவ்வொன்றின் மேலும் நாய் தானாக நடக்கட்டும். தூக்கிவைக்கக் கூடாது, கயிற்றால் இழுக்கக் கூடாது. முதலில் தயங்குவதற்கு மதிப்பெண் குறைக்காதீர்கள், யோசிக்கும் நாய்க்கு அது அழகு. எத்தனை நொடியில் மீள்கிறது, இரண்டாம் முறை எப்படி வருகிறது என்பதுதான் கணக்கு. ஐந்தாவது முறையும் தரையோடு பதுங்கி, வாலை ஒடுக்கி, நகத்தைப் பதித்து ஊர்ந்தால் அது பழக்கமின்மை இல்லை, பயந்த சுபாவம். பழக்கமின்மையைப் பயிற்சி சரிசெய்யும்.

பந்தைக் காட்டினால் அந்தப் படிக்கட்டில் ஏறிவிடுகிறதா என்றும் ஒரு முறை பாருங்கள். ஏறினால் மிக நல்ல செய்தி, பயத்தைவிட ஆசை பெரிது.

ஏழாம் படி: துப்பாக்கிச் சத்தம்

வெற்றுத் தோட்டா சுடும் துப்பாக்கி, அதைக் கையாள உரிமமும் பழக்கமும் உள்ள ஆள், திறந்த வெளி. நாய் விளையாடிக்கொண்டிருக்கும்போது சுமார் 100 மீட்டர் தொலைவிலிருந்து ஒரு வெடி. காதைத் திருப்பிப் பார்த்துவிட்டு விளையாட்டைத் தொடர்ந்தால் தூரத்தைப் பாதியாக்குங்கள். மறுபடியும் சரி என்றால் இன்னும் அருகே. பக்கத்தில் போய்ச் சுடுவதில் எந்த வீரமும் இல்லை, காதுக்குத்தான் கேடு.

மூன்று விதமான எதிர்வினைகளைப் பார்ப்பீர்கள். திடுக்கிட்டுச் சில நொடியில் மீள்வது ஏற்கக்கூடியது. பந்தைப் போட்டுவிட்டு ஓடப் பார்ப்பது, நடுங்குவது, அதன்பிறகு விளையாடவே மறுப்பது தோல்வி, மறுபரிசீலனை கிடையாது. மூன்றாவது கொஞ்சம் ஏமாற்றும்: சத்தம் வந்த பக்கம் வெறித்தனமாகக் குரைத்துப் பாயும். உரிமையாளர்கள் இதைத் துணிச்சல் என்பார்கள். பல நேரம் அது நிதானம் இழந்த பதற்றம். ஒவ்வொரு வெடிக்கும், தன்னை நடத்திச் செல்லும் கையாளுநரின் கையை மீறிப் பாயும் நாயோடு யாரும் களத்துக்குப் போக விரும்பமாட்டார்கள்.

எட்டாம் படி: மனிதர்கள்

மோப்ப வேலைக்கு என்றால் சுருக்கமாக முடித்துவிடலாம். அந்நியர் அருகில் வருவது, உடம்பைத் தொடுவது, கூட்டத்துக்குள் நடப்பது, வேறு நாய்களைக் கடந்துபோவது எல்லாவற்றிலும் அலட்டிக்கொள்ளாமல் இருந்தால் போதும்.

ரோந்து வேலைக்கு என்றால் மிரட்டல் சோதனை தேவை. அதற்கென்று பயிற்சி பெற்று, தடித்த கைக்காப்பு அணிந்தவர் மட்டும் இதைச் செய்ய வேண்டும். தெரிந்த பையனை விட்டு நாயைச் சீண்டச் சொல்வது ஆபத்து, நாயைக் கெடுத்துவிடவும் செய்யும். மிரட்டுபவர் முன்னேறும்போது நாயின் எடை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். முன்னங்காலில் சாய்ந்து, குரல் கனத்து, பார்வை நேராக இருந்தால் எதிர்க்கிறது. குரைப்பு உச்சத்தில் கீச்சிட்டு, முன்னே ஒரு அடி பின்னே இரண்டு அடி என்று ஆடினால் அது பயத்தில் காட்டும் பல். வாசல் வீரர்களில் பலர் இங்கேதான் அம்பலமாவார்கள். மனிதர் மேல் பல் படவே கூடாது என்று வளர்க்கப்பட்ட நல்ல வீட்டு நாய் குழம்பிப்போய் ஒதுங்கலாம். அதை வற்புறுத்தாமல் மோப்பப் பிரிவுக்கு மாற்றிப் பாருங்கள்.

ஒன்பதாம் படி: கூண்டில் சில இரவுகள்

பலர் விட்டுவிடும் படி இது. கட்டிலில் குடும்பத்தோடு படுத்த நாய் இனி கூண்டில் தனியாகத் தூங்க வேண்டும். இரண்டு மூன்று இரவு வைத்துப் பாருங்கள். முதல் நாள் சாப்பிடாமல் இருப்பது பரவாயில்லை. மூன்றாம் நாளும் சாப்பிடாமல், ஓயாமல் வட்டமடித்து, கம்பியைக் கடித்து, வயிறு கலங்கிக் கிடந்தால் அதன் மூக்கு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் இந்த வாழ்க்கை அதற்கு ஆகாது. கூண்டிலிருந்து எடுத்த காலையில் பந்துச் சோதனையை மறுபடி நடத்துங்கள், வேறு இடத்தில். முதல் நாள் மதிப்பெண்ணைவிட இந்த மதிப்பெண்ணையே நான் நம்புவேன்.

முடிவெடுப்பது

எல்லாவற்றையும் படம்பிடித்து, அங்கே இல்லாத ஒருவரையும் மதிப்பெண் போடச் சொல்லுங்கள். நாயின் முகத்துக்கு மயங்காத கண் ஒன்று வேண்டும். கூட்டிச் சராசரி மட்டும் எடுக்காதீர்கள். தேடுவதில் ஐந்துக்கு ஐந்தும் துப்பாக்கிச் சத்தத்தில் பூஜ்யமும் வாங்கிய நாய் சராசரியில் தேறிவிடும், களத்தில் முதல் வெடிக்கே ஓடிவிடும். சத்தம், தேடல், மூட்டு மூன்றும் தனித்தனியாகத் தேற வேண்டும். மற்றவற்றில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம். "பயிற்சியில் சரியாகிவிடும்" என்று நீங்களே உங்களிடம் சொல்லிக்கொள்ள நேர்ந்தால், அந்த இடத்தில் பெரும்பாலும் பதில் 'வேண்டாம்' என்பதுதான்.

தேறாத நாயின் உரிமையாளரிடம் பக்குவமாகப் பேசுங்கள். சத்தத்துக்குப் பயந்து மடியில் ஏறும் நாய் அந்த வீட்டுக்கு நல்ல நாய்தான். தேறிய நாயின் உரிமையாளரிடம்தான் இன்னும் கவனமாகப் பேச வேண்டும். திரும்பி வருமா, காயப்பட்டால் என்ன, ஓய்வுக்குப் பிறகு யாரிடம் போகும் என்பதையெல்லாம் கையெழுத்துக்கு முன்பே சொல்லிவிடுங்கள். அமெரிக்காவில் ஓய்வுபெற்ற ராணுவ நாய்களை வீடுகளுக்குத் தத்துக் கொடுக்க 2000-ஆம் ஆண்டில்தான் சட்டம் வழிவிட்டது. பிரிட்டனில் ஒரு குடும்பம் போருக்குக் கொடுத்த 'கான்' என்ற ஜெர்மன் ஷெப்பர்ட், 1944-இல் நெதர்லாந்தின் வால்ஹெரன் தீவின் மேல் நடந்த தாக்குதலில் நீரில் மூழ்கிய தன் கையாளுநரை இழுத்துக் கரை சேர்த்தது. போர் முடிந்து வீடு திரும்பியது. பிறகு ஒரு நாய்க் காட்சியில் பழைய கையாளுநரைக் கண்டதும் அது துள்ளிய துள்ளலைப் பார்த்து, அந்தக் குடும்பமே அவரிடம் கொடுத்துவிட்டது. உயிரோடு திரும்பி வந்தாலும் அது உங்கள் நாயாகவே திரும்பும் என்று சொல்ல முடியாது. குழந்தைகள் இருக்கும் வீடு என்றால் இதை அவர்கள் முன்னிலையிலும் பேசுவது நல்லது.

ஒப்படைக்கும் நாளில் ஒரு தாளில் எழுதி வாங்குங்கள்: கூப்பிடும் பெயர், 'விடு', 'வா' என்பதற்கு வீட்டில் சொல்லும் சொல், சாப்பிடும் நேரம், ஒத்துக்கொள்ளாத உணவு, உடம்பில் எங்கே தொட்டால் பிடிக்காது. அது விளையாடிய பந்தையும் கேட்டு வாங்குங்கள். அதைக் கூண்டுக்குள் போட்டுவைக்காதீர்கள், புதுக் கையாளுநரின் சட்டைப்பையில் இருக்கட்டும்.